எஃகுத் தகட்டில் ரைஃபிள் குண்டு எப்படிக் குழி பறிக்கிறது?

துப்பாக்கி சுடும் பயிற்சியில் காகித இலக்கு எவ்வளவு சாதாரணமோ, எஃகுத் தகடும் அவ்வளவு சாதாரணம். குண்டு பட்டதும் ‘டங்’ என்று சத்தம் வரும், தகடு ஆடும், போய்ப் பார்க்காமலேயே பட்டதா இல்லையா என்று தெரிந்துவிடும். ஆனால் அந்தத் தகடு எதனால் கெட்டுப்போகிறது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வருகிறது. குண்டு பெரிதாக இருந்தால் சேதமும் பெரிது என்பார் ஒருவர். சூட்டில் எஃகு உருகித்தான் ஓட்டை விழுகிறது என்பார் இன்னொருவர். தடிமனான தகடாக வாங்கினால் கவலையே இல்லை, சங்கிலியில் தொங்கவிட்டால் அடியின் வேகம் குறைந்துவிடும் என்றெல்லாம் சொல்பவர்களும் உண்டு. இவற்றில் எதுவுமே குழிக்கான காரணத்தைச் சொல்வதில்லை. இப்படித் தப்பாகப் புரிந்துகொண்டு தப்பான தகட்டை வைத்தால், பக்கத்தில் நிற்பவரின் கண் போகும். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு புதிரிலிருந்து ஆரம்பிக்கலாம். .45-70 என்பது 1873-ல் அமெரிக்க ராணுவத்துக்காக வந்த பழைய ரைஃபிள் தோட்டா. அதன் தடித்த ஈயக் குண்டு சுமார் 26 கிராம், வேகம் நொடிக்கு 405 மீட்டர் அளவில். 5.56 மி.மீ. எம்193 என்பது பின்னால் வந்த ராணுவத் தோட்டா. குண்டின் எடை 3.56 கிராம்தான், வேகம் மட்டும் நொடிக்கு சுமார் 990 மீட்டர். முதல் குண்டு பட்டால் நல்ல இலக்குத் தகடு துள்ளி ஆடுகிறது, பெயின்ட் ஒரு வட்டமாகப் போய்விடுகிறது, ஆனால் அந்த இடத்தை விரலால் தடவினால் தட்டையாகவே இருக்கிறது. இரண்டாவது குண்டு அதன் 990 மீட்டர் வேகத்தில் பட்டால் தகடு லேசாகத்தான் ஆடுகிறது. ஆனால் தடவும் விரல் ஒரு பள்ளத்தில் இறங்குகிறது. ஏழு மடங்கு எடையுள்ள குண்டால் முடியாத காரியம் இந்தச் சின்னக் குண்டால் எப்படி முடிகிறது?

முதலில் சில பெயர்கள்

தோட்டா என்பது கூடு, வெடிமருந்து, முனையில் செருகியிருக்கும் குண்டு எல்லாம் சேர்ந்த முழுப்பொருள். துப்பாக்கிக் குழலை விட்டுப் பறப்பது குண்டு மட்டும்தான். சாதாரண ரைஃபிள் குண்டுக்கு உள்ளே ஈயம், வெளியே மெல்லிய செம்புக் கலவை உறை. ஈயம் மென்மையான உலோகம், ஆனால் கனமானது. ஒரு கன சென்டிமீட்டர் ஈயம் 11.3 கிராம், அதே அளவு எஃகு 7.85 கிராம்.

அடுத்தது கடினத்தன்மை. ஒரு பொருளின் முகத்தில் எவ்வளவு அழுத்தினால் அழியாத பள்ளம் விழும் என்பதன் அளவுதான் அது. ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர் யோஹான் ஆகஸ்ட் பிரினெல் 1900-ல் கொண்டுவந்த சோதனை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. 10 மி.மீ. விட்டமுள்ள ஒரு கடினமான பந்தை 3,000 கிலோ பாரம் கொடுத்து எஃகின் மேல் அழுத்துவார்கள். விழுந்த பள்ளத்தின் பரப்பால் அந்தப் பாரத்தை வகுத்தால் வருவதுதான் பிரினெல் எண். கட்டுமானத்துக்குப் பயன்படும் சாதாரண எஃகுக்கு இது 120-லிருந்து 150-க்குள் இருக்கும். இலக்குத் தகடுகளில் அதிகம் பேசப்படும் ஏஆர்500 எஃகுக்குச் சுமார் 500. ‘ஏஆர்’ என்பது தேய்மானத்தைத் தாங்கும் எஃகு வகையைக் குறிக்கிறது. சுரங்க லாரிகளின் தொட்டிகள், மண் அள்ளும் இயந்திரங்களின் வாய்ப்பகுதி இதையெல்லாம் பாறை உரசித் தின்றுவிடாமல் இருக்கச் செய்யப்படும் எஃகு இது. துப்பாக்கி சுடுபவர்கள் பிறகு அதை எடுத்துக்கொண்டார்கள்.

இந்த 500 என்பது ஏதோ தர வரிசை எண் என்று நினைத்துவிட வேண்டாம். அது நேரடியாக ஒரு பாரத்தைச் சொல்கிறது: ஒவ்வொரு சதுர மில்லிமீட்டர் பரப்பிலும் சுமார் 500 கிலோ பாரம் உட்கார்ந்தால்தான் அந்த எஃகு ஆழமாக அமுங்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

குண்டு தண்ணீராக நடந்துகொள்கிறது

குழாயைத் திறந்து தண்ணீரை ஒரு தட்டையான சுவரில் பீய்ச்சினால் என்ன ஆகும்? தண்ணீர் சுவரில் மோதி, பக்கவாட்டில் நாலாபுறமும் விரிந்து ஓடும். சுவருக்கு ஒன்றும் ஆகாது. அதே தண்ணீரை இன்னும் வேகமாக, மண் தரையில் பீய்ச்சினால் மண்ணைப் பறித்துக்கொண்டு இறங்கும். இரண்டு இடத்திலும் அதே தண்ணீர்தான். எதிரே இருப்பது தாங்கும் அளவுக்கு மேல் அழுத்தம் போகிறதா, போகவில்லையா என்பதில்தான் வித்தியாசம்.

ரைஃபிள் வேகத்தில் வரும் ஈயமும் இப்படித்தான். ஈயத்துக்கு என்று உள்ள சொந்த வலிமை, அந்த மோதலில் உண்டாகும் அழுத்தத்துக்கு முன்னால் கணக்கிலேயே வராது. அதனால் அது திடப்பொருளாக இருந்தாலும் திரவமாக ஓடுகிறது. இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். ‘திரவமாக ஓடுகிறது’ என்றால் உருகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும், மோதலில் அதில் கொஞ்சம் உருகவும் செய்யலாம், ஆனால் அது ஓடுவதற்கு உருக வேண்டிய அவசியமே இல்லை. அழுத்தம் போதும்.

நல்ல தகட்டில் பட்ட குண்டின் தடத்தைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் இது புரிந்துவிடும். நடுவில் மங்கலான சாம்பல் நிற வட்டம், அதிலிருந்து எல்லாப் பக்கமும் கோடு கோடாக ஈயம் இழுபட்டிருக்கும். கீழே தரையில் கிழிந்த செம்பு உறைத் துண்டுகள் கிடக்கும். குண்டு என்று சொல்லிக் கையில் எடுக்க ஒன்றும் மிஞ்சியிருக்காது. தகட்டுக்குப் பக்கத்தில் மரக்கால் நட்டிருந்தால் அதையும் பாருங்கள். தகட்டின் முகம் எந்த மட்டத்தில் இருக்கிறதோ சரியாக அந்த மட்டத்தில் மரம் அரிக்கப்பட்டிருக்கும். பக்கவாட்டில் பாய்ந்த ஈயமும் செம்பும்தான் அதை அறுத்தது, நாள்பட அறுத்து மரக்காலை இரண்டாகவே ஆக்கிவிடும்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: வேகமான ஈயக் குண்டு எஃகின் மேல் திரவமாகப் பரவி ஓடுகிறது. ஓடும்போது அது கொடுக்கும் அழுத்தத்தை எஃகு தாங்கினால் தடம் மட்டும் மிஞ்சும், தாங்காவிட்டால் குழி விழும்.

எவ்வளவு அழுத்தம்?

ஓடிவரும் திரவம் ஒரு சுவரில் மோதி நிற்கும் இடத்தில் உண்டாகும் அழுத்தத்துக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. திரவத்தின் அடர்த்தியில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். குண்டின் எடை இந்தக் கணக்கில் எங்கேயுமே இல்லை என்பதைக் கவனியுங்கள். எடை கூடினால் அழுத்தம் அதிக நேரம் நீடிக்கும், அதிக இடத்தில் பரவும். ஆனால் அழுத்தம் எவ்வளவு உயரம் ஏறும் என்பதை முடிவு செய்வது வேகம்தான். அதுவும் வர்க்கமாக: வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு.

ஈயத்தின் அடர்த்தியைப் போட்டுக் கணக்குப் பார்க்கலாம். விடையைச் சதுர மில்லிமீட்டருக்கு இத்தனை கிலோ என்று எழுதினால் பிரினெல் எண்ணோடு பக்கத்தில் வைத்தே ஒப்பிட்டுவிடலாம். 9 மி.மீ. பிஸ்டல் குண்டு நொடிக்கு 360 மீட்டர் வேகத்தில் வந்தால் சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 75 கிலோ. .45-70 குண்டுக்குச் சுமார் 95. ராணுவங்களில் பல காலமாக இருக்கும் 7.62 மி.மீ. எம்80 குண்டு நொடிக்கு 840 மீட்டர் அளவில் வருகிறது, அதற்குச் சுமார் 410. நம் எம்193-க்கு, குழல்முனை வேகத்தில், சுமார் 570. .22-250 மாதிரியான சிறு விலங்கு வேட்டைத் தோட்டாக்களில் குண்டு நொடிக்கு 1,120 மீட்டர் வரை போகும், அங்கே 700-ஐத் தாண்டிவிடும்.

இப்போது ஏஆர்500-ன் 500-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 75, 95, 410 மூன்றும் அதற்குக் கீழே. 570-ம் 700-ம் மேலே. புதிர் இங்கேயே அவிழ்ந்துவிட்டது.

தலைகீழாகவும் கேட்கலாம், ஈயக் குண்டு எந்த வேகத்தில் 500-ஐத் தொடும்? நொடிக்குச் சுமார் 930 மீட்டர் என்று விடை வருகிறது. இது தோராயக் கணக்குதான். செம்பு உறையையும், முதல் தொடுகையில் கண நேரத்துக்கு எகிறும் அழுத்தத்தையும் நான் சேர்க்கவில்லை. அப்படியிருந்தும் இலக்குத் தகடு செய்பவர்கள் அனுபவத்தில் சொல்லும் எல்லைக்கு மிகப் பக்கத்தில் வந்துவிட்டது. தகட்டில் படும்போது வேகம் நொடிக்கு 3,000 அடியை, அதாவது 914 மீட்டரைத் தாண்டக்கூடாது என்பதுதான் அவர்கள் சொல்வது. அனுபவமும் ஒரு வரிக் கணக்கும் இப்படி ஒத்துப்போவதைப் பார்க்கும்போது எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருக்கும்.

சாதாரண எஃகுக்கு இதே கணக்கைப் போட்டால் எல்லை நொடிக்கு 470 மீட்டர் அளவுக்கு இறங்கிவிடுகிறது. அந்த எல்லையைத் தொடும் முன்பே மென்மையான எஃகில் மேலோட்டமான பள்ளங்கள் விழத் தொடங்கும். பரவலாகப் புழங்கும் ரைஃபிள் தோட்டாக்கள் பெரும்பாலும் 470-ஐ எளிதாகத் தாண்டும். எனவே பழைய இரும்புக் குப்பையிலிருந்து ஒரு தகட்டை எடுத்து ரைஃபிளுக்கு இலக்காக வைப்பது வேண்டவே வேண்டாம்.

தகடு ஆடுவதைப் பார்த்து ஏமாற வேண்டாம்

பெரிய குண்டுதான் பெரிய சேதம் செய்யும் என்று நமக்குத் தோன்றுவதற்குக் காரணம், கண்ணுக்குத் தெரிவது தகட்டின் ஆட்டம் மட்டும்தான். அந்த ஆட்டம் உந்தத்தைப் பொறுத்தது. எடையை வேகத்தால் பெருக்கினால் உந்தம். .45-70-ன் உந்தம் எம்193-ஐவிட மூன்று மடங்கு, அதனால்தான் தகடு அப்படித் துள்ளுகிறது.

சரி, இயக்க ஆற்றலை வைத்துப் பார்த்தால்? ஓடும் பொருளிடம் ஓட்டத்தால் இருக்கும் ஆற்றல் அது, எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் கிடைக்கும். .45-70-க்குச் சுமார் 2,150 ஜூல், எம்193-க்குச் சுமார் 1,750 ஜூல், எம்80-க்கு 3,300-க்கு மேல். அதாவது ஆற்றலில் முதலிடம் எம்80-க்கு, கடைசி இடம் எம்193-க்கு. ஆனால் தகட்டில் குழி விழவைப்பது கடைசியில் நிற்கும் அந்த ஒன்றுதான். ஆற்றல் எவ்வளவு வேலை நடக்கலாம் என்பதற்கு ஒரு உச்சவரம்பு வைக்கிறது, அவ்வளவுதான். எஃகு தன் வடிவத்தை விட்டுக்கொடுக்குமா என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

இருபது மைக்ரோ நொடிகள்

எம்193 குண்டின் நீளம் 19 மி.மீ. அளவு. நொடிக்கு 990 மீட்டர் வேகத்தில் வரும்போது அதன் மூக்கு தகட்டைத் தொட்டதிலிருந்து வால் வந்து சேரும் வரை ஆகும் நேரம் சுமார் 20 மைக்ரோ நொடி. ஒரு நொடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோ நொடி.

இந்த நேரத்துக்குள் என்னென்ன நடக்கிறது? அழுத்தம் எஃகின் தாங்கும் எல்லையைக் கடந்ததும், மோதும் இடத்துக்கு நேர் கீழே உள்ள எஃகும் ஓடத் தொடங்குகிறது. அதற்குப் பின்னால் போக வழியில்லை, முழுத் தகடும் முட்டுக் கொடுத்து நிற்கிறது. ஆகவே அது பக்கவாட்டில் நகர்ந்து, வந்த திசையை நோக்கியே மேலே பிதுங்குகிறது. குழியைச் சுற்றி ஒரு விளிம்பு தூக்கிக்கொண்டு நிற்பது இதனால்தான். மென்மையான எஃகில் இந்த விளிம்பு நன்றாக எழும்பி, சுடுபவர் பக்கம் வளைந்து, கையை வெட்டும் கூர்மையோடு இருக்கும். குழியின் உட்புறம் பளபளப்பாக வழித்தெடுத்தாற்போல இருக்கும், அடியில் செம்பு நிறம் கொஞ்சம் ஒட்டியிருக்கும்.

சங்கிலியில் தொங்கவிட்டால் குழி விழாது என்ற நம்பிக்கையை இப்போது சோதித்துவிடலாம். 30 செ.மீ. விட்டமும் 10 மி.மீ. தடிமனும் உள்ள வட்டத் தகடு ஐந்தரை கிலோ அளவு இருக்கும். எம்193 பட்டால் அதற்குக் கிடைக்கும் வேகம் நொடிக்கு முக்கால் மீட்டர்கூட இல்லை. 20 மைக்ரோ நொடியில் அது நகரும் தூரம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. இன்னும் ஒன்று, எஃகுக்குள் அதிர்வு நொடிக்கு 5 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் என்றாலும் அந்த நேரத்தில் அது பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர்தான் போயிருக்கும். நடுவில் பட்ட அடி விளிம்பில் இருக்கும் சங்கிலிக்குத் தெரிவதற்கு முன்பே குழி பறிக்கும் வேலை முடிந்துவிடுகிறது. தொங்கவிடுவதால் வேறு நன்மைகள் உண்டு, தாங்கியும் போல்ட்டும் அதிக நாள் உழைக்கும். குழிக்கு மட்டும் அது பதில் ஆகாது.

எஃகு உருகுகிறதா?

இல்லை. சும்மா சொல்லவில்லை, கணக்கே இடம் கொடுக்காது. 10 மி.மீ. தகட்டில் 6 மி.மீ. அகலத்துக்கு ஒரு ஓட்டை என்றால் 2 கிராமுக்கு மேல் எஃகு போக வேண்டும். அந்த எஃகைச் சாதாரண வெப்பநிலையிலிருந்து உருக்க 2,500 ஜூலுக்கு மேல் வேண்டும். எம்193-இடம் மொத்தமே 1,750 ஜூல்தான் இருக்கிறது, அதிலும் பெரும்பங்கு சிதறிப் பறக்கும் ஈயத்தோடும் செம்போடும் போய்விடுகிறது. நான் மேலே சொன்ன ஐந்தரை கிலோ தகட்டில் 10 எம்80 குண்டுகள் அடித்து, அத்தனை ஆற்றலும் வெப்பமாகித் தகட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது என்றே வைத்துக்கொண்டாலும் தகடு 13 டிகிரி அளவுதான் சூடாகும்.

ஆனால் வெப்பத்துக்கு இதில் பங்கே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. உலோகத்தை வளைத்து நசுக்கும்போது அதற்குச் செலவாகும் வேலையில் பெரும்பகுதி வெப்பமாக மாறுகிறது. டெய்லர், குவின்னி என்ற இருவர் 1934-லேயே இதை அளந்து காட்டினார்கள். மெதுவாக வளைத்தால் அந்த வெப்பம் பரவிப் போய்விடும். 20 மைக்ரோ நொடியில் அது எங்கே போகும்? பிறந்த இடத்திலேயே சிக்கிக்கொள்கிறது. அந்த இடம் மட்டும் பல நூறு டிகிரி சூடாகி மென்மையாகிறது. மென்மையான இடம்தான் அடுத்து இன்னும் அதிகமாக வழுக்கும், வழுக்கினால் இன்னும் சூடாகும், சூடானால் இன்னும் மென்மையாகும். இப்படியே ஒன்றையொன்று தூண்டிவிட்டு, கடைசியில் முழு நகர்வும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைவிட மெல்லிய ஒரு பட்டைக்குள் வந்து குவிந்துவிடுகிறது. இதற்கு வெப்பச் சறுக்குப் பட்டை என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஜீனர், ஹாலமன் இருவரும் 1944-ல் எஃகைத் துளைத்துச் செய்த சோதனையில் இதைக் கண்டு விளக்கினார்கள்.

தகடு மெலிதாக இருந்தால் இந்தப் பட்டை முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை ஓடிவிடும். அப்போது குண்டு அளவுக்கு ஒரு எஃகு வில்லை கழன்று பின்னால் தெறிக்கும். ஓட்டையின் சுவர் வழுவழுப்பாக, நேராக இருப்பதைப் பார்ப்பவர்கள் ‘உருகிப் போயிருக்கிறது பாருங்கள்’ என்கிறார்கள். உண்மையில் அது அறுந்து கழன்றது. 6 மி.மீ. அளவு தடிமனுள்ள கடின எஃகில், எம்80 நின்றுவிட்ட அதே தகட்டை எம்193 கிட்டத்திலிருந்து துளைத்துப் போவதும் இப்படித்தான்.

கடினத்தன்மையை ஏற்றிக்கொண்டே போனால் நல்லதுதானே என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. கடினம் கூடக் கூடக் குழி விழுவது குறையும். ஆனால் மிகக் கடினமான எஃகு வளைந்துகொடுக்காது, மெலிதாக இருந்தால் இப்படி வில்லையாகக் கழல்வதற்கும், விரிசல் விடுவதற்கும் அதுதான் முதலில் போகும்.

சுருக்கமாக: எஃகு உருகுவதில்லை. வெப்பம் ஒரு மெல்லிய பட்டையில் சிக்கி எஃகை அந்த இடத்தில் மட்டும் பலவீனமாக்குகிறது. குழி விழுமா என்பதை முகத்தின் கடினத்தன்மையும், ஓட்டை விழுமா என்பதைத் தடிமனும் சேர்ந்து முடிவு செய்கின்றன. தடிமனை மட்டும் கூட்டினால் ஓட்டைதான் தடுக்கப்படும். அரை அடி தடிமனுள்ள மென்மையான எஃகிலும் குழி தாராளமாக விழும்.

கடினத்தன்மை போய்விடவும் செய்யும்

ஏஆர்500-ன் கடினத்தன்மை வெப்பப் பதத்தால் வந்தது. எஃகை நன்றாகப் பழுக்கக் காய்ச்சி, சட்டென்று குளிரவைத்து, பிறகு குறைந்த சூட்டில் மறுபடி பதப்படுத்தி அந்த நிலைக்குக் கொண்டுவருகிறார்கள். திரும்ப 200, 250 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் அந்தப் பதம் கலையத் தொடங்கும். கேஸ் கட்டிங் செய்த விளிம்பும், கொக்கி வைத்து வெல்டிங் செய்த இடமும் வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரி தெரிந்தாலும் உள்ளே மென்மையாகிவிட்டிருக்கும். நடுவில் அடித்தால் ஒன்றும் ஆகாத தகட்டில், விளிம்பிலும் வெல்டிங் பக்கத்திலும் மட்டும் குழி விழுந்திருந்தால் காரணம் இதுதான். லேசர் அல்லது நீர்த்தாரை வைத்து வெட்டிய தகட்டில் இந்தத் தொல்லை குறைவு.

எஃகு வைத்த குண்டுகள்

இதுவரை சொன்ன கணக்கு முழுதும் ஈயத்துக்கு. குண்டுக்குள் எஃகு இருந்தால் கதை வேறு, அது அவ்வளவு எளிதில் திரவமாக ஓடாது, தன் வடிவத்தைக் காப்பாற்றிக்கொண்டு தகட்டைத் தோண்டும். 5.56 மி.மீ. வகையிலேயே இன்னொரு ராணுவக் குண்டான எம்855-ன் முன்பகுதியில் ஒரு சின்ன எஃகு முனை உண்டு, எம்193-ஐவிடக் கொஞ்சம் மெதுவாக வந்தாலும் ஏஆர்500-ல் குழி போட்டுவிடும். கவசம் துளைக்கும் குண்டுகளில் கடினமாக்கிய எஃகோ டங்ஸ்டன் கார்பைடோ இருக்கும், அவற்றை இலக்குத் தகட்டின் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

குண்டின் மேல் காந்தத்தை வைத்துப் பார்ப்பது பழக்கம். ஒட்டாவிட்டால் எஃகு இல்லை, நிம்மதி. ஒட்டினால்? உள்ளே எஃகு இருக்கலாம், அல்லது உள்ளே வெறும் ஈயமாகவே இருந்து, உறை மட்டும் செம்பு பூசிய எஃகாக இருக்கலாம். காந்தத்தால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. சந்தேகம் இருந்தால் தகட்டில் அடிக்காமல் விடுவதுதான் சரி.

தூரமும் சாய்வும்

காற்று குண்டின் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வரும். எம்193 100 மீட்டர் போனதும் வேகம் நொடிக்கு 860 மீட்டர் அளவுக்கு இறங்கியிருக்கும், அழுத்தம் 570-லிருந்து 430-க்கு வந்துவிடும். அதே தகடு, அதே தோட்டா, இப்போது குழி இல்லை. ரைஃபிளுக்கு எஃகு இலக்கு குறைந்தது 100 கஜம், அதாவது 91 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்ற பொதுவான அறிவுரை தகட்டையும் காப்பாற்றுகிறது, ஆளையும் காப்பாற்றுகிறது. .22-250 மாதிரி அதிவேகத் தோட்டாவுக்கு இந்த 100 கஜம் போதாது, இன்னும் தள்ளிப் போக வேண்டும்.

தகட்டின் மேல்பக்கத்தை முன்னால் சாய்த்து, முகம் தரையைப் பார்க்கும்படி வைப்பதில் இரண்டு லாபம். சிதறல் பெரும்பாலும் தகட்டின் முகத்தோடு ஒட்டி, சுமார் 20 டிகிரிக்குள்தான் பறக்கும். சாய்த்து வைத்தால் அதில் நிறைய மண்ணுக்குப் போகும். கூடவே, நேராக மோதும் வேகத்தின் பங்கும் குறைகிறது. 20 டிகிரி சாய்வில் அழுத்தம் சுமார் 12 விழுக்காடு இறங்கும்.

மெதுவாக வரும் குண்டு பாதுகாப்பானது என்று நினைப்பதும் தவறு. நொடிக்கு 750 அடிக்கு, அதாவது 230 மீட்டருக்குக் கீழே வரும் ஈயக் குண்டு பொடிப்பொடியாகச் சிதறாமல், தட்டையான ஒரே வில்லையாகத் திரும்பி வரக்கூடும்.

பழைய குழிதான் பெரிய ஆபத்து

தண்ணீருக்கே திரும்பலாம். தட்டையான இடத்தில் விழும் தண்ணீர் பக்கவாட்டில் போகும், கரண்டியின் குழிந்த பக்கத்தில் விழுந்தால் அப்படியே திரும்பி நம் மேல் தெறிக்கும். குழி விழுந்த தகட்டில் அடுத்த குண்டு அந்தக் குழிக்குள்ளேயே விழுந்தால் இதேதான் நடக்கிறது. ஈயமும் செம்பும் பக்கவாட்டில் ஓட வழியில்லாமல் குழியின் சுவரில் ஏறி, சுட்டவரை நோக்கித் திரும்புகின்றன. அவை எந்தக் கோணத்தில் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த 20 டிகிரிக் கணக்கு தட்டையான தகட்டுக்குத்தான் பொருந்தும், இங்கே செல்லாது. தகட்டைச் சாய்த்து வைத்ததும் இங்கே பெரிதாக உதவாது. திருப்பி அனுப்பப்படும் ஒவ்வொரு துளியும் தகட்டை இன்னும் கூடுதலாகத் தள்ளுவதால் குழியும் ஆழமாகிக்கொண்டே போகும். சுடுபவர் மட்டுமல்ல, பின்னால் வேடிக்கை பார்ப்பவர்களும் கண்ணாடி போட வேண்டும் என்று வற்புறுத்துவது இதனால்தான்.

ஆகவே சுடத் தொடங்கும் முன் தகட்டைத் துடைத்து, கையுறை போட்டுக்கொண்டு முகம் முழுக்கத் தடவிப் பாருங்கள். தூக்கிக்கொண்டு நிற்கும் விளிம்பு தட்டுப்பட்டாலோ, ஒரு நேர்ச்சட்டத்தைக் குறுக்கே வைத்து வெளிச்சத்தில் பார்க்கும்போது பள்ளம் தெரிந்தாலோ, விரிசலோ ஓட்டையோ இருந்தாலோ அந்தத் தகட்டின் வேலை முடிந்தது. பெயின்ட் போனதும், ஈயம் அப்பியிருப்பதும் கெடுதல் இல்லை, அதற்கு மேல் பெயின்ட் அடித்துக்கொள்ளலாம். குழியை வெல்டிங் வைத்து நிரப்பித் தேய்த்துவிடலாமே என்று சிலருக்குத் தோன்றும். செய்யாதீர்கள். மேலே தட்டையாகத்தான் தெரியும், சுற்றிலும் பதம் கலைந்து போயிருக்கும், அடுத்த ரைஃபிள் குண்டு முதலில் அந்த இடத்தில்தான் உள்ளே இறங்கும்.